நரம்போடு கருவி பேசுவது எப்படி?

மூளைக்குள் ஒரு சிப்பைப் பொருத்திவிட்டால் மனத்தில் ஓடுவதையெல்லாம் கணினி படித்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஊசி மருந்தில் கலந்து கண்ணுக்குத் தெரியாத நுண்கருவிகளை உடலுக்குள் அனுப்பி நரம்புகளை ஆட்டிவைக்கலாம் என்பது இன்னொரு பேச்சு. பெருந்தொற்றுக் காலத்தில் இது வாட்ஸ்அப் வழியாக வீடு வீடாக நுழைந்தது. முதலாவது ஆசையில் பிறந்தது, இரண்டாவது அச்சத்தில் பிறந்தது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்: நரம்பில் ஓடுவதும் மின்சாரம், கருவியில் ஓடுவதும் மின்சாரம், ஆகவே இரண்டையும் ஒட்டவைத்துவிட்டால் பேச்சு தானாக நடந்துவிடும்.

அவை இரண்டும் வெவ்வேறு மின்சாரங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலைதான் இந்தத் துறையின் பாதிப் பாடு; மாற்றியதற்கு மூளை பொருள் கண்டுபிடிப்பது மீதிப் பாடு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் செவிக்கருவியை வைத்தே இதை விளக்குகிறது. மனித நரம்போடு பேசும் கருவிகளில் நீண்ட காலம் புழக்கத்தில் இருந்து, நன்றாகத் தேறியது அதுதான் என்பது ஒரு காரணம். நம் ஊர்களில் அதை அணிந்த குழந்தைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள் என்பது மற்றொரு காரணம்.

நரம்பு மின்கம்பி அன்று

இத்தாலியின் பொலோனா நகரில் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துடிப்பதைக் கண்டு 1791-ல் அதை எழுதி வெளியிட்டார். அன்று முதல் நரம்பை மின்கம்பியாக நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் கம்பியில் ஒரு முனையில் கொடுத்த சைகை கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் மறுமுனையை அடைகிறது. நரம்பிலோ, மிக விரைவான இழையில்கூட அது நொடிக்கு 120 மீட்டர் அளவில்தான் போகிறது. மெதுவான இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் போவதே அதிகம்.

வீடு கட்டும் இடத்தில் கலவைச் சட்டி கைமாறுவதை நினைத்துக்கொள்ளலாம். கீழிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் இடம்விட்டு நகர்வதில்லை, சட்டி மட்டும் ஒவ்வொரு கையாக மேலே போகிறது. நரம்பிலும் அப்படியே. நெடுக ஓடும் பொருள் எதுவும் இல்லை. ஒவ்வோரிடத்திலும் ஒரு சிறு நிகழ்ச்சி நடக்கிறது, அது பக்கத்து இடத்தைக் கிளப்பிவிடுகிறது. அந்தச் சிறு நிகழ்ச்சி என்ன என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

ஏரிக்கரையும் மதகும்

நரம்புச் செல் என்பது உப்புநீர் நிறைந்த நுண்ணிய பை. அதைச் சுற்றியிருப்பதும் உப்புநீர்தான். இடையே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, அதைச் சவ்வு என்கிறோம். உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. அந்தத் துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். செல்லுக்கு வெளியே சோடியம் அயனி மிகுதி, உள்ளே பொட்டாசியம் அயனி மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக அமைந்ததன்று. சவ்வில் உள்ள புரதங்கள் பம்புசெட்டு போல ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்தும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தும் இதைக் காத்துவருகின்றன.

இதன் விளைவாக, ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. மில்லிவோல்ட் என்பது வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண டார்ச் லைட் பேட்டரி ஒன்றின் 1.5 வோல்ட்டை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறத்தாழ இந்த அளவு வரும். கரைக்கு ஒருபுறம் நீர் நிறைந்தும் மறுபுறம் வயல் தாழ்ந்தும் இருக்கும் ஏரியைப் போன்ற நிலை இது. நீர் ஓடவில்லை, ஆனால் ஓடக் காத்திருக்கிறது.

சவ்வில் மதகுகள் உண்டு. இவை மின்னழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும் புரதத் துளைகள். எதனாலோ அந்த 70 மில்லிவோல்ட் வேறுபாடு 55 அளவுக்குக் குறைந்துவிட்டால் சோடிய மதகுகள் சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. உட்புறம் சில கணம் வெளிப்புறத்தைவிட உயர்ந்தே போய்விடுகிறது. பிறகு அந்த மதகுகள் அடைபடுகின்றன, பொட்டாசிய மதகுகள் திறந்து நிலைமையைப் பழையபடி ஆக்குகின்றன. மொத்தமும் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த ஏற்றஇறக்கத்தை இனிமேல் துடிப்பு என்று அழைப்போம். ஓரிடத்துத் துடிப்பு அடுத்த இடத்தின் வேறுபாட்டைக் குறைத்து அங்குள்ள மதகுகளைத் திறக்கிறது, சட்டி கைமாறுகிறது.

ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழை ஒன்றில் அளந்து இதையெல்லாம் 1952-ல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். 1963-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கணவாயின் அந்த இழை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும் என்பதால்தான் உள்ளே கம்பியைச் செருகி அளக்க முடிந்தது. நமக்கு வாய்த்த நரம்பிழைகளில் பெரும்பாலானவை அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராதவை.

சுருக்கமாக: நரம்பின் செய்தி என்பது உப்பின் நகர்வு. துடிப்பு என்றால் முழுத் துடிப்பு, இல்லையேல் ஒன்றுமில்லை; அரைத் துடிப்பு கிடையாது. வலுவான செய்தியை நரம்பு அடிக்கடி துடித்துச் சொல்கிறது, பெரிதாகத் துடித்துச் சொல்வதில்லை.

எலெக்ட்ரானுக்கு நீந்தத் தெரியாது

கருவியின் பக்கம் வருவோம். உலோகக் கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். உடலின் உப்புநீரில் ஓடுவது அயனி. எலெக்ட்ரான் கம்பியின் நுனிவரை வந்து நின்றுவிடும், நீருக்குள் இறங்கி நடக்காது. எல்லைச் சாவடியில் ஒரு நாட்டுப் பணம் செல்லாமல் போவதைப் போன்றது இது. அங்கே நாணயமாற்றுக்காரர் ஒருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் உலோக நுனிக்கு மின்முனை என்று பெயர். மருத்துவமனைகளில் எலெக்ட்ரோடு என்பார்கள். பெரும்பாலும் அது பிளாட்டினத்தால் ஆனது.

நாணயமாற்று இரண்டு வகையில் நடக்கலாம். மின்முனையில் எலெக்ட்ரான்கள் வந்து குவிந்தால், அந்த எதிர்மின்னேற்றம் நீரிலுள்ள நேர்மின் அயனிகளைத் தன்பால் இழுக்கும். எதுவும் எல்லையைக் கடக்காமலேயே நீருக்குள் ஒரு நகர்வு ஏற்பட்டுவிடும். இது தீங்கற்ற வகை. ஆனால் மின்சாரத்தை ஒரே திசையில் தொடர்ந்து செலுத்தினால் வேதிவினை தொடங்கிவிடும். பள்ளியில் உப்புநீரில் பேட்டரியின் இரு கம்பிகளையும் அமிழ்த்திப் பார்த்தவர்களுக்கு அந்தக் குமிழிகளும் குளோரின் நெடியும் நினைவிருக்கும். அதே குமிழி செவிநரம்பின் ஓரத்தில் கிளம்பினால் திசு வெந்துபோகும், உலோகமும் அரிக்கும்.

ஆகவே இந்தக் கருவிகள் எதுவும் மின்சாரத்தை ‘ஓடவிடுவதில்லை’. மின்னேற்றத்தை நொடியின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு நேரம் கொடுக்கின்றன, உடனே அதே அளவைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. கொடுக்கல் வாங்கல் கணக்கில் பாக்கி நிற்கக் கூடாது என்பது பொறியாளர்கள் கண்டிப்பாகப் பின்பற்றும் விதி. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் உடலுக்குள் ஒரு மின்முனை முப்பது ஆண்டு கெடாமல் இருப்பதற்கும் மூன்றே நாளில் திசுவைப் புண்ணாக்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்த விதியில்தான் அடங்கியிருக்கிறது என்பேன்.

இப்போது தூண்டுதல் எப்படி நடக்கிறது என்பது எளிதாக விளங்கும். மின்முனை செல்லுக்குள் நுழைவதில்லை, வெளியே பக்கத்தில் இருக்கிறது. அதை ஒரு கணம் எதிர்மின்னாக்கினால் செல்லின் வெளிப்புற மின்னழுத்தம் தாழ்கிறது. உட்புறம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. 70 என்பது 55-ஐ எட்டியதும் மதகு திறக்கிறது. கருவி செய்தது அவ்வளவுதான். துடிப்பை உண்டாக்கியதும் எடுத்துச் செல்வதும் நரம்பே.

இருபத்திரண்டு புள்ளிகளில் ஒரு காது

உள்காதில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது; அதன் பெயர் காக்ளியா. விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். வாயிலுக்கு அருகே கீச்சொலிகளும் உட்கோடியில் கனத்த ஒலிகளும் உணரப்படும்படி அதில் ஒலிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளேயிருக்கும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அசைவைச் செவிநரம்புக்குத் தெரிவிக்கின்றன. செவிநரம்பில் சுமார் 30,000 இழைகள்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மயிர்ச்செல்கள்தான் பழுது. நரம்பு நன்றாகவே இருக்கும். கடிதம் எழுதுபவர் இல்லை, தபால்காரர் வாசலில் காத்திருக்கிறார் என்ற நிலை. ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் சாதாரணக் காதுகேள் கருவி இங்கே பெரிதும் உதவாது, ஏனென்றால் பெருக்கிய ஒலியை வாங்கிக்கொள்ளவும் மயிர்ச்செல் வேண்டும். இந்த இரண்டு கருவிகளையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது மிகப் பரவலாக இருப்பதால் இதைத் தனியே சொல்கிறேன். காக்ளியர் இம்பிளான்ட் ஒலியைப் பெருக்குவதில்லை, மயிர்ச்செல்களைத் தாண்டி நேரே நரம்பைத் தட்டுகிறது.

பாரிசில் 1957-லும் லாஸ் ஏஞ்சலிசில் 1961-லும் முதல் முயற்சிகள் நடந்தன. அவற்றில் ஒலி இருப்பது தெரிந்ததே தவிரப் பேச்சு புரியவில்லை. பல புள்ளிகளில் தனித்தனியாகத் தட்டினால்தான் பேச்சு புரியும் என்று ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் நம்பினார். ஆனால் நெளிந்த சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்பது தெரியாமல் தவித்தார். 1977-ல் கடற்கரையில் விடுமுறையைக் கழித்தபோது, கிடைத்த சங்கு ஒன்றுக்குள் புல்தாளைச் செருகிப் பார்த்தவருக்கு விடை கிடைத்தது. நுனி துவண்டும் அடி சற்று விறைத்தும் இருந்த புல் மடங்காமல் உள்ளே போயிற்று. மின்முனைக் கம்பியையும் அப்படியே செய்தார்; 1978-ல் மெல்போர்னில் முதல் அறுவை நடந்தது.

இன்றைய கருவியில் 12 முதல் 22 வரை தொடுபுள்ளிகள் உள்ளன. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி ஒலியை வாங்கி, கனத்தது முதல் கீச்சு வரை பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அதற்கேற்ற வலுவில் அந்தந்தப் புள்ளி, நொடிக்கு ஏறக்குறைய 900 முறை என்ற அளவில், நரம்பைத் தட்டுகிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் தட்டினால் உப்புநீரில் எல்லாம் கலந்து குழம்பிவிடும். எனவே ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் முறையை அமெரிக்க ஆய்வாளர் பிளேக் வில்சன் 1991-ல் வெளியிட்டார். பேச்சு புரிவதில் பெரிய பாய்ச்சல் அதற்குப் பிறகுதான்.

30,000 இழைகளுக்கு 22 புள்ளிகள் என்பது, ஆர்மோனியத்தை விரலால் வாசிக்காமல் உள்ளங்கையால் அமுக்குவது போன்றது. பேச்சு பிழைத்துக்கொள்கிறது, இசை அடிபடுகிறது. தாளம் நன்றாகத் தெரியும், சொல் தெரியும், ஆனால் கமகத்தின் நெளிவு பெரும்பாலும் தெரியாது.

பேசுவதும் கேட்பதும் ஒரே கம்பியில்

அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை ‘ஆன்’ செய்கிறார்கள். அன்றே குழந்தை அம்மா குரலைப் புரிந்துகொண்டு திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்துப் போகும் பெற்றோர் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். சில குழந்தைகள் அழுவதும் உண்டு. மூளைக்கு வந்துசேர்வது பழக்கமில்லாத தட்டல்கள் மட்டுமே. எந்தத் தட்டல் வரிசை ‘பால்’, எது ‘பூ’ என்பதை மூளைதான் மாதக்கணக்கில் கற்க வேண்டும். அந்தப் பயிற்சியும், ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு மின்னேற்றம் பொருந்தும் என்று செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் அளந்து பதியும் ‘மேப்பிங்’ வேலையும் அறுவைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. மூளையின் கேட்கும் பகுதி சிறு வயதில்தான் எளிதாகப் பழகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு ஆறு வயது வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

மேப்பிங்கில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வயதுக் குழந்தையிடம் ‘இது உரக்க இருக்கிறதா?’ என்று கேட்க முடியாது. அதனால் கருவி நரம்பையே கேட்கிறது: ஒரு புள்ளியால் தட்டிவிட்டு, பக்கத்துப் புள்ளியால் நரம்பு துடித்ததா என்று கேட்டுப்பார்க்கிறது. இத்துறையில் உண்மையான இருவழிப் பேச்சு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். செய்தித்தாள்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்பது

கேட்பது தட்டுவதைவிடக் கடினம். செல்லுக்குள் துடிப்பின் அளவு ஏறத்தாழ 100 மில்லிவோல்ட். வெளியே நிற்கும் மின்முனைக்குக் கிடைப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைக்கு மேல் ஒட்டும் மின்முனைகளுக்கு, இலட்சக்கணக்கான செல்களின் கூட்டு முணுமுணுப்பு மட்டுமே வந்துசேரும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பவருக்குக் கெட்டிமேளம் கேட்கும், எந்தப் பந்தியில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது கேட்காது. அது வேண்டுமானால் உள்ளே போய் இலை பக்கத்தில் உட்கார வேண்டும்.

2004-ல் அமெரிக்காவில், முதுகுத்தண்டு அறுபட்டுக் கைகால் செயலிழந்த ஒருவரின் மூளையில் அப்படி உள்ளே போய் உட்கார்ந்தார்கள். 4 மில்லிமீட்டர் சதுரத்தில் ஏறக்குறைய நூறு ஊசிகள் கொண்ட சிறு பலகை, கையசைவுக்கான பகுதியில் பதிக்கப்பட்டது. கையை வலப்பக்கம் நகர்த்துவதாக எண்ணச் சொன்னார்கள்; எந்தச் செல்கள் மிகுதியாகத் துடித்தன என்று கணினி குறித்துக்கொண்டது. இடப்பக்கம், மேலே, கீழே என்று பட்டியல் நிறைந்ததும், துடிப்பைப் பார்த்துத் திசையை ஊகித்துத் திரையில் குறிமுள்ளை நகர்த்த முடிந்தது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதே வழியில், பேச்சிழந்த ஒருவர் பேச முயன்றதை நிமிடத்துக்கு 62 சொல் என்ற வேகத்தில் எழுத்தாக்கினார்கள். கணினி படித்தது உதட்டுக்கும் நாக்குக்கும் மூளை அனுப்ப முயன்ற கட்டளைகளை. மனத்தின் ஆழத்தில் கிடக்கும் எண்ணத்தை அன்று. அதுவும் அந்த நபர் ஒத்துழைத்து, பலமுறை பயிற்சி தந்த பிறகு.

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனைகள் இருந்தன. மூளையில் உள்ள நரம்புச் செல்களின் எண்ணிக்கை சுமார் 8,600 கோடி. மனத்தைப் படித்துவிடும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தட்டும்போது கருவி மதகைத் திறக்கிறது, கேட்கும்போது வெளியே கசியும் சிறு அதிர்வை அளக்கிறது. பொருள் காண்பது முதலாவதில் மூளையின் பொறுப்பு, இரண்டாவதில் கணினியின் பொறுப்பு.

நடுக்கத்தை அடக்கும் கம்பி

கைகால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் கம்பி வைக்கும் சிகிச்சை இந்தியாவிலும் நடக்கிறது. பிரான்சின் கிரனோபிள் நகரில் 1987-ல் அலீம் லூயி பெனாபிட் என்ற மருத்துவர், நடுக்கத்துக்குக் காரணமான சிறு பகுதியை அழிப்பதற்கு முன் இடம் சரிதானா என்று மின்சாரத்தால் தட்டிப் பார்த்தார். நொடிக்கு நூறு முறை அளவில் தட்டியதும் நடுக்கமே நின்றது. அழிக்காமலேயே நிறுத்தலாம் என்று அங்கே பிறந்த சிகிச்சை இது. இன்று வழக்கமாக நொடிக்கு 130 முறை தட்டுகிறார்கள். நரம்புச் செல்கள் தமக்குள் டோபமின் போன்ற வேதிப்பொருள்களாலும் பேசிக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயில் குறைந்துபோவது அந்த டோபமின்தான். இந்தக் கருவி டோபமினைத் தருவதில்லை, நோயை ஆற்றுவதும் இல்லை. கட்டுப்பாடின்றி ஒரே தாளத்தில் துடிக்கும் செல்களின் தாளத்தைக் கலைக்கிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். முழு விளக்கம் பற்றி அறிவியலாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.

எவ்வளவு சிறிதாக்கலாம்?

ஊசியில் போகும் நுண்கருவி என்ற வதந்திக்கு இங்கே விடை இருக்கிறது. சிக்கல் கருவியைச் சிறிதாக்குவதில் இல்லை, அதற்குச் சோறு போடுவதில் இருக்கிறது. காக்ளியர் இம்பிளான்ட்டின் உட்பகுதியில் பேட்டரி கிடையாது. வெளியே காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கம்பிச்சுருள், தோலைத் துளைக்காமல் ரேடியோ அலையால் மின்சக்தியையும் செய்தியையும் சேர்த்தே உள்ளே தருகிறது. வாங்கும் சுருளைச் சிறிதாக்கினால் கிடைக்கும் சக்தியும் வேகமாகக் குறைந்துபோகும். மணல் அளவுச் சுருளுக்குப் போதுமானதைத் தர வேண்டுமானால் திசுவைச் சூடாக்க நேரிடும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ரேடியோவை விட்டுவிட்டு, ஸ்கேன் எடுக்கப் பயன்படும் மீயொலியை எடுத்துக்கொண்டார்கள். உடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு என்றால் அலையின் நீளம் 1.5 மில்லிமீட்டர்தான். மிகச் சிறிய பொருளும் அதை வாங்கிக்கொள்ள முடியும். 2016-ல் அவர்கள் எலியின் நரம்பில் வைத்துக் காட்டிய ‘நரம்புத் தூசி’ 3 மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மீயொலி பட்டதும் அதிலுள்ள படிகம் அதிர்ந்து மின்சாரம் தருகிறது. நரம்பு துடித்தால் படிகம் எதிரொலிக்கும் விதம் சற்று மாறுகிறது. வெளியிலிருந்து அந்த எதிரொலியைப் படிக்கிறார்கள். வெயிலில் கண்ணாடித் துண்டை அசைத்து எதிர்வீட்டுப் பிள்ளைக்குச் சைகை காட்டும் சிறுவனிடம் விளக்கு ஏதும் இல்லை. வந்த வெளிச்சத்தையே திருப்புகிறான். தூசியும் அப்படித்தான் பேசுகிறது.

தூசி என்ற பெயர் கவர்ச்சிக்கு வைத்தது. அளவில் அது அரிசிக் குருணைக்குப் பக்கத்தில் வரும். அது வேலைசெய்ய நரம்போடு ஒட்டி உட்கார வேண்டும், வெளியே மீயொலிக் கருவி தோலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இரத்தத்தில் மிதந்துபோய்த் தானே நரம்பைத் தேடிப் பிடித்துத் தொலைவிலிருந்து கட்டளை வாங்கும் கருவி எதுவும் மருத்துவத்தில் இல்லை.

நுங்குக்குள் ஊசி

மூளை நுங்கைப் போல் மென்மையானது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் சற்றே அசைவது. அதற்குள் விறைத்த சிலிக்கான் ஊசியை நிறுத்தினால் உடல் அதை முள்ளாகவே நினைக்கும். சுற்றியுள்ள துணைச்செல்கள் அதைப் போர்த்தி வடு கட்டுகின்றன. ஊசிக்கும் நரம்புச் செல்லுக்கும் இடையே தொலைவு கூடுகிறது. மாதங்கள் செல்லச்செல்லக் கேட்கும் குரல் மங்குகிறது. வளையும் இழைகளால் செய்து பார்க்கிறார்கள், ஆனால் அவை நழுவிவிடுகின்றன. மேலே சொன்ன 2024-ஆம் ஆண்டுக் கருவியில் பல இழைகள் அப்படிப் பின்வாங்கின.

மங்குவது குரல் மட்டுமன்று. பார்வையிழந்தோருக்காக 60 மின்முனைகளுடன் வந்த விழித்திரைக் கருவி ஒன்று 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில ஆண்டுகளில் தயாரிப்பாளர் அதைக் கைவிட்டதால், பொருத்திக்கொண்டவர்கள் உதிரிபாகம் கிடைக்காமல் நின்றார்கள். நரம்போடு பேசும் கருவிகள் பலவற்றில் ஒரு பாதி உடலுக்கு வெளியே இருக்கிறது, அது தேயும், உடையும், நனையும். குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளான்ட் வைக்கப்போகும் பெற்றோர், அறுவை எவ்வளவு நேரம் ஆகும் என்பதை விசாரிக்கும்போதே வெளிக்கருவியின் சுருளும் கேபிளும் எங்கே கிடைக்கும், என்ன விலை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.